கம்பெனியாருக்கு வாய்க்கரிசி

எங்கள் ஊர் மருதங்கொல்லையில் கம்பெனியார் இதுவரை ஐந்து தடவை செத்திருக்கிறார், ஐந்து தடவையும் பந்தல் போட்டது எங்கள் குடும்பம்தான், முதல் சாவுக்கு என் கொள்ளுத்தாத்தா பனையோலையில் போட்டார், அடுத்ததற்குத் தாத்தா தென்னங்கீற்றில் போட்டார், மூன்றாவதற்கு அப்பா, நான்காவதற்கு நான், ஐந்தாவதற்கும் நானேதான் இரும்புக் குழாயும் நீலத் துணியும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஐஸ் பெட்டியும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். என் பெயர் குஞ்சிதபாதம். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், வந்தால் வரட்டும், இத்தனை வருஷம் வராமல் இருந்ததுதான் கேவலம்.

கம்பெனியார் என்றால் கம்பெனியில் வேலை பார்த்த துரையோ மேனேஜரோ இல்லை, கம்பெனியேதான், கை கால் மூக்கு முழியோடு. கொள்ளுத்தாத்தா காலத்தில் ஒரு மாட்டு வண்டியில் தகர டின்களை அடுக்கிக்கொண்டு, ஒல்லியாக, வெட்கப்பட்ட மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார், பெயர் கேட்டதற்கு மில்வர்ட் கம்பெனி என்றார், எந்தச் சீமை என்று கேட்டதற்கு எல்லாச் சீமையும்தான் என்றார். அவர் வியர்வை மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தது என்பதைத் தவிர மற்ற மனிதர்களுக்கும் அவருக்கும் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை, அந்த நாற்றமும் எங்களுக்கு வசதியாகத்தான் இருந்தது, பேன் பிடித்த பிள்ளைகளை அவர் பக்கத்தில் ஒரு நாழிகை உட்கார வைத்து எழுப்பிக்கொண்டு போனார்கள்.

அதுவரை எங்கள் ஊரில் புன்னை எண்ணெயில் விளக்கு எரிந்தது, புன்னைக் கொட்டை பொறுக்குவது பெண்களின் வேலை, ஆட்டுவது செக்கடித் தெருக்காரர்களின் வேலை. கம்பெனியார் வீட்டுக்கு ஒரு தகர விளக்கை இனாமாகக் கொடுத்தார், விளக்குக்குக் காசே வேண்டாம், எண்ணெய் மட்டும் என்னிடம் வாங்கினால் போதும் என்றார், எண்ணெயையும் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார், செக்கடித் தெருவில் கடைசிச் செக்கு நிற்கும் வரைக்கும் கொடுத்தார், அது நின்ற மறுநாள் காலையில் விலையை ஏற்றினார். அதற்குள் புன்னை மரங்களை வெட்டி விறகாக்கியிருந்தோம், நாங்களே வெட்டினோம், யாரும் எங்கள் கையைப் பிடித்து வெட்ட வைக்கவில்லை.

அவர் எங்களிடம் நிலம் கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. என்னையும் ஒரு தலைக்கட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டார். தலைக்கட்டு என்றால் இந்த ஊரில் குடியுள்ள ஒரு குடும்பம் என்று பொருள், தலைக்கட்டாகிவிட்டால் அம்மன் திருவிழாவில் பங்கு உண்டு, ஊர்க்கூட்டத்தில் பேச உரிமை உண்டு, செத்தால் வீட்டுக்கு ஒருவர் வந்து வாய்க்கரிசி போட வேண்டும். அந்த வாய்க்கரிசியில்தான் எங்கள் ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது. அரிசி போட்டவர் அதற்குப் பிறகு இறந்தவர் மேல் ஒரு குறையும் சொல்லக்கூடாது, எந்த வழக்காக இருந்தாலும் அந்த அரிசியோடு தீர்ந்தது, அதேபோல எல்லா வீட்டு அரிசியும் விழாமல் பாடையைத் தூக்கக்கூடாது. வரப்புச் சண்டையில் இருபது வருஷம் முகம் பார்க்காத அண்ணனும் தம்பியும் இதனால் அழுது கட்டிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன், நல்ல வழக்கம்தான், மனுஷன் ஒரு தடவைதான் சாவான் என்று நம்பி வைத்த வழக்கம். கம்பெனியாரைத் தலைக்கட்டாகச் சேர்த்து அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள்.

முதல் சாவு இப்படி வந்தது. மலிவு எண்ணெயில் எதையோ கலந்திருந்தார், மேலத்தெருவில் ஒரு விளக்கு வெடித்துப் பதினோரு வீடு எரிந்து மூன்று பேர் கரியானார்கள், வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கம்பெனியார் வந்து பதில் சொல்ல வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது, வியாழக்கிழமை தந்தி வந்தது. ஏழு கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில், கூடப் பிறந்த கம்பெனிகளையெல்லாம் விழுங்கிவிட்டார் என்று அவர் மேல் வழக்கு நடந்ததாம், துண்டு துண்டாக வெட்டச் சொல்லித் தீர்ப்பாகிவிட்டதாம், வெட்டியாயிற்றாம். எங்கள் பங்குக்குத் தலையும் வலது கையும் ஒரு மரப்பெட்டியில் வந்தன. பாவம், இப்படியா சாக வேண்டும் என்று மேலத்தெருப் பெண்களே மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள், எரிந்த வீட்டுக்காரர்கள்தான் முதலில் அரிசி போட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பதினேழாம் நாள் மூன்று பேர் மூன்று வண்டியில் வந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே முகம், ஒரே நாற்றம், வண்டிக்கு அடித்த வர்ணம் மட்டும் வேறு வேறு. செத்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டால் யார் செத்தது என்று கேட்டார்கள். சந்தையில் ஒருவரை ஒருவர் விலை குறைத்துக் கத்துவார்கள், சாயங்காலம் வாய்க்கால் பங்களாவில் ஒன்றாக உட்கார்ந்து சீட்டாடுவார்கள், மறுநாள் காலையில் மூன்று கடையிலும் ஒரே விலை இருக்கும். ஊர் கூடி யோசித்து மூன்று பேரையும் மூன்று தலைக்கட்டாகச் சேர்த்துக்கொண்டது.

இரண்டாவது சாவைச் சொல்ல எனக்கு வாய் கசக்கிறது. அந்த மூன்று பேரும் எங்கள் ஊரிலிருந்து நாற்பத்திரண்டு ஆண்களைப் பர்மாவுக்கு எண்ணெய்க் கிணறு தோண்டக் கூட்டிப்போனார்கள், என் தாத்தாவின் தம்பியும் போனார். சண்டை வந்து ஜப்பான்காரன் நெருங்கியதும் கிணறுகளைக் கொளுத்திவிட்டு அவர்கள் கப்பல் ஏறினார்கள், எங்கள் ஆட்களுக்குக் கப்பலில் இடமில்லை என்றார்கள், எங்கள் ஆட்கள் காட்டு வழியாக நடந்தார்கள். விட்டுவிட்டு வந்தது ஏன் என்று ஊர் கேட்பதற்குள் கம்பெனியார் கப்பலிலேயே செத்துப்போனார் என்று செய்தி வந்தது, பிணம் ஒன்றுதான் வந்தது, அதன் மேல் மூன்று சட்டை இருந்தது. நடந்து வந்தவர்கள் பதினேழு பேர், பாடை தூக்குகிற அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள், காலில் துணி சுற்றிக்கொண்டு, எலும்பும் தோலுமாக. அவர்களையும் வரிசையில் நிற்க வைத்து அரிசி போட வைத்தார்கள். என் தாத்தா தம்பிக்காகப் பந்தல் போடவில்லை, தம்பியை விட்டுவிட்டு வந்தவருக்குப் பந்தல் போட்டார். சோறு தின்கிற யாராவது இதைச் செய்வார்களா? நாங்கள் செய்தோம்.

பர்மாச் சாவுக்குப் பிறகு பதினேழாம் நாள் ஒருவர் மட்டும்தான் வந்தார். அவருடைய சாவு, மூன்றாவது சாவு, கொண்டாட்டமாக நடந்தது. கம்பெனியாரை நம்ம சர்க்காரே எடுத்துக்கொண்டது என்று பேப்பரில் வந்தது, எடுத்துக்கொண்ட கையோடு அவர் உயிரை விட்டார், கோட்டும் தொப்பியுமாக அவரைப் புதைத்தோம், பதினேழாம் நாள் கதர்ச் சட்டையில் வந்தார். இனிமேல் நான் உங்கள் சொத்து என்று கும்பிட்டார். எங்கள் சொத்தாக இருந்துகொண்டு எங்கள் வயலிலேயே துளை போட்டார், ஒரு இரும்புக் கம்பத்தின் உச்சியில் நெருப்பு எரிய விட்டார், அது அணையவே இல்லை, ராத்திரி என்பது இல்லாமல் போனதில் கோழிகளுக்கு எப்போது கூவுவது என்று தெரியவில்லை, நெற்பயிர் தூங்காமல் கண் சிவந்து பதராகப் போனது. ஏன் இப்படி என்று கேட்கக் கூட்டம் போட்டோம். அதற்குள் சர்க்கார் அவரை வெளியாருக்குக் கொடுத்துவிட்டது, அவர் இன்னொரு கம்பெனியோடு கைகோர்த்துக்கொண்டு ஒரு கல்யாண மண்டபத்துக்குள் போனார், போனவர்கள் இரண்டு பேர், வெளியே வந்தவர் ஒருவர், இரண்டு மடங்கு பருமனாக. கதர்ச் சட்டை போட்ட உடம்பு மண்டபத்துச் சமையற்கட்டில் கிடந்தது. அது நான்காவது சாவு, நான் முதன்முதலில் தனியாகப் போட்ட பந்தல்.

பருமனானவர் பதினேழாம் நாள் பச்சைச் சட்டையில் ஊருக்குள் வந்தார், பையில் ஒரு இலைப் படம். பசுந்தளிர் எனர்ஜி என்று பெயர். எண்ணெயை விட்டுவிடப் போகிறேன், காற்றும் வெயிலும்தான் இனிமேல் என்று பள்ளிக்கூடத்தில் மரக்கன்று நட்டார், நட்ட கையில் நாற்றம் அப்படியே இருந்தது.

நாங்கள் முட்டாள்கள் இல்லை, எங்களுக்கு எல்லாம் தெரியும். ஒவ்வொரு தடவையும் கேள்வி கேட்கிற நாளுக்கு முந்தின நாள் அவர் சாவது தெரியும், பதினேழாம் நாள் வருவதும் தெரியும். ஆனால் பழகிவிட்டது. கம்பெனியார் சாவுக்கென்று பெண்கள் தனியாக ஒரு படி அரிசி எடுத்து வைத்தார்கள், பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் லீவு, பதினேழாம் நாள் வருகிறவர் புதிதாக நாலு பேருக்கு வாட்ச்மேன் வேலை போடுவார், அதற்காகவே சிலர் சாவை எதிர்பார்த்துக்கூட இருந்தார்கள். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கும் அது நல்ல வியாபாரம்தான்.

தையல்நாயகி என் சின்னம்மா மகள், எனக்குத் தங்கை முறை. புருஷன் போன பிறகு ஒன்றரை மா நிலத்தையும் ஒரே மகளையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளினாள். அவள் வயலுக்கு அடியில்தான் கம்பெனியார் கதர்ச் சட்டை காலத்தில் போட்ட எண்ணெய்க் குழாய் போகிறது. போன ஐப்பசியிலிருந்தே நிலத்துக்குள் ஏதோ சீறுகிற சத்தம் கேட்டது, சேற்றில் குமிழி விட்டது, மூன்று தடவை போய் அவரிடம் சொன்னாள், மூன்றாவது தடவை அவரே நேரில் வந்தார், வரப்பில் நின்று குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார், ஒன்றுமில்லை, தவளை என்றார்.

அவள் மகள் எழிலரசிக்குப் பத்தொன்பது வயசு, திருவாரூரில் நர்சு படிப்புப் படித்தாள், பொங்கல் லீவுக்கு வந்திருந்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று காலையில் தானே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பாய்ச்சப் போனாள், மடையை வெட்டினாள், குழாய் வெடித்தது. அந்த வயல் மூன்று நாள் எரிந்தது, தண்ணீர் எரிந்தது, மண் எரிந்தது, நான்காம் நாள் மண்வெட்டியின் இரும்பு மட்டும் கிடைத்தது. போலீஸ் ஸ்டேஷனில் கம்பெனியார் எழுதிக் கொடுத்த தாளில், குழாய்ப் பாதை அருகே பெண் ஒருவர் அலட்சியமாகத் தீ மூட்டியதால் விபத்து ஏற்பட்டது என்று இருந்தது. அந்த ஒரு வரி ஊருக்குள் நடக்க ஆரம்பித்தது. டீக்கடையில் குப்பை கொளுத்தினாளாம் என்றார்கள், அடுத்த வாரம் செல்போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாளாம் என்றார்கள், அதற்கடுத்த வாரம் அவளே ஏதோ மனக்கஷ்டத்தில் கொளுத்திக்கொண்டாளாம் என்றார்கள்.

தையல்நாயகி நாட்டாண்மை வைரக்கண்ணு வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மாமா, எனக்கு வேற எதுவும் வாண்டாம். எம்பொண்ணு தீ வைக்கலன்னு அந்த ஆளு ஊர் நடுவுல வாயத் தொறந்து சொல்லணும், அப்பறம் டேசனுக்கு வந்து அதையே சொல்லி அந்த வரிய அடிக்கணும். அவ்வளவுதான்."

"ஞாயித்துக்கெழம கூட்டம் போட்டுடுவோம்மா, நீ அழுவாத," என்றார் வைரக்கண்ணு.

"நான் அழுவலயே மாமா," என்றாள் அவள்.

சனிக்கிழமை மத்தியானம் கம்பெனியார் செத்துப்போனார். விருந்தினர் மாளிகை நாற்காலியில் பச்சைச் சட்டையோடு சாய்ந்து கிடந்தார், இலைப் படம் மட்டும் சட்டையிலிருந்து உதிர்ந்து மடியில் விழுந்திருந்தது. எனக்கு ஆள் வந்தது, நான் டிராக்டரை எடுத்தேன். பந்தல் போட்டேன், ஐஸ் பெட்டிக்குக் கரண்டு கொடுத்தேன், பறை வந்தது, சங்கு வந்தது, ஊர் வரிசையில் நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டு தலைக்கட்டில் இருநூற்றுப் பதினொன்று அன்றைக்கே போட்டாகிவிட்டது. நானும் போட்டேன். வழக்கம் என்று போட்டேன், கை தானாக நீண்டது, எழிலரசியைத் தூக்கி வளர்த்த கைதான் அது.

தையல்நாயகி வந்தாள். முந்தானையில் அரிசியை முடிந்துகொண்டு ஐஸ் பெட்டிக்கு நேரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள், போடவில்லை. சாயங்காலம் ஆயிற்று, போடவில்லை. மறுநாளும் போடவில்லை. பாடை கட்டியவர்கள் அதை அவிழ்த்து மறுபடி கட்டினார்கள், கட்டிய பூ வாடி வேறு பூ வாங்கினார்கள். இப்படி ஒன்று இந்த ஊரில் நடந்ததே இல்லை, பிணம் பேசியிருந்தால்கூட நாங்கள் அவ்வளவு திகைத்திருக்க மாட்டோம்.

இந்தத் தடவை பதினேழாம் நாள்வரை பொறுக்காமல், மூன்றாம் நாளே மெயின்ரோட்டுப் பஸ் நிறுத்தத்தில் அடுத்தவர் வந்து இறங்கிவிட்டார். வெள்ளைச் சட்டை, பையில் சூரியன் படம், கையில் ஒரு பெட்டி. பழையவர் ஊரைவிட்டுப் போகாமல் இவர் எல்லைக்குள் கால் வைக்க முடியாது, அதனால் நிழற்குடையிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு முகம் இன்னும் சரியாக வரவில்லை, மூக்கு இருந்தது, கண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. முகம் வராவிட்டால் என்ன, விருந்தாளி அல்லவா, எங்கள் ஊர்க்காரர்கள் போய் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, வேலை போடுவீர்களா என்று கேட்டுவிட்டு வந்தார்கள். வந்து தையல்நாயகியைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"ஊரே நாறுது தையலு. போட்டுத் தொலையேன்."

"உம்பொண்ணு திரும்பியா வரப்போறா? எம்மவனுக்கு வேல வர்ற நேரம்."

"செத்தவருகிட்ட என்னம்மா வீம்பு," என்றார் வைரக்கண்ணு.

"செத்தாத்தான மாமா," என்றாள் அவள்.

நான் பெட்டியின் மறுபக்கம் நின்றுகொண்டு ஒயரைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் போடச் சொல்லித்தான் சொல்லியிருப்பேன், அந்த அழுக்கை நான் மறைக்க மாட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் கரண்டு போனது. ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் வேர்த்தது, மண்ணெண்ணெய் நாற்றம் பந்தலை நிறைத்தது, பத்து மணி வாக்கில் கம்பெனியார் வாயைத் திறந்தார். யாரும் ஓடவில்லை, எல்லாரும் சற்று நகர்ந்து உட்கார்ந்தோம்.

"அம்மா, அந்த அரிசியைப் போட்டுவிடுங்கள்," என்றார். எல்லாக் காலத்திலும் அவர் அப்படித்தான் பேசுவார், நோட்டீசில் அச்சடித்த மாதிரி. "நான் இறந்துவிட்டேன். இறந்தவரை நிறுத்திவைப்பது உங்கள் ஊர் மரபுக்கே விரோதம்."

"எங்க ஊரு மரப நீ எனக்குச் சொல்லித் தர வாண்டாம். எம்பொண்ணு தீ வச்சாளா?"

"அந்தத் தாளை எழுதிய நிறுவனம் இப்போது இல்லை. பள்ளிக்கு ஒரு கட்டடம் தரலாம். ஒரு நினைவுப் பூங்கா தரலாம்."

"வச்சாளா, வைக்கலையா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மத்தியானம் வரைக்கும் மூடியிருந்தார். அவள் எழுந்திருக்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெயில் ஏறியது, அவருக்குப் பதினேழாம் நாள் தள்ளிக்கொண்டே போகிறதே என்று தவிப்பாக இருந்திருக்க வேண்டும், மெயின்ரோட்டில் தன் முகம் அரைகுறையாக உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும். இரண்டு மணிக்குப் பேசினார்.

"குழாய் உளுத்துப்போனது எனக்குத் தெரியும். நான்கு வருஷமாகத் தெரியும். மாற்றினால் ஒன்பது மாதம் எண்ணெய் நிற்கும், அதனால் விட்டுவிட்டேன். அன்றைக்கு உங்கள் வயலில் கேட்டது தவளை இல்லை என்பதும் தெரியும். உங்கள் மகள் தீ வைக்கவில்லை. மண்ணைத்தான் வெட்டினாள். இப்போது போடுங்கள்."

பந்தலில் நானூறு பேர் இருந்தோம். தையல்நாயகி எழுந்து எங்கள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்கல்ல? வாங்க, டேசனுக்குப் போயி சொல்லுவோம்."

வைரக்கண்ணுதான் முன்னால் வந்து பதில் சொன்னார்.

"நாங்க அரிசி போட்டுட்டோம்மா. போட்டவங்க அவரு மேல ஒரு சொல்லு சொல்லப்படாது. உனக்குத் தெரியாததா? நீ மட்டும் போயி சொல்லு, நீ போடலயே."

"நான் மட்டும் போயி சொன்னா பெத்தவ புலம்புறான்னு சொல்லுவாங்க மாமா."

"அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?"

அப்போதுதான் அவள் கத்தினாள். இத்தனை நாள் உள்ளே கிடந்தது எல்லாம் வந்தது.

"இவன் எத்தன தடவ சாவான், எத்தன தடவ போடுவீங்க? வீடு எரிஞ்சா போடுறீங்க, காட்டுல வுட்டுட்டு வந்தா போடுறீங்க, வயலு கருவுனா போடுறீங்க! எம்பொண்ணு வாய்க்கு அரிசி போட வாயே கெடைக்கல எனக்கு, மண்வெட்டி இரும்புதான் கெடச்சுது, இவன் வாய்க்கு மட்டும் ஊரே வரிசையில நிக்கிது! த்தூ!"

அவள் துப்பியது பெட்டி மேல் விழவில்லை, பந்தல் தரையில்தான் விழுந்தது, ஆனால் எங்கள் நானூறு பேர் முகத்திலும் விழுந்தது. நான் என் கையைப் பார்த்தேன். என் மனசில் பெரிய எண்ணம் ஒன்றும் ஓடவில்லை, கோபம்தான் வந்தது, தாத்தாவின் தம்பியை நினைத்து வந்தது, என் தாத்தா மேல் வந்தது, என் மேல் வந்தது. ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினேன். கம்பெனியாரின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டேன்.

"என்ன செய்கிறீர்கள்? இது முறையல்ல," என்றார் அவர், என் விரல் இருந்ததால் கொஞ்சம் குழறியது.

ஆயிரம் பருக்கைக்கு நடுவில் என் அரிசி எது என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரிந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்து எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினேன்.

"நான் போட்டத எடுத்துக்கிட்டேன். நான் கேட்டேன், தங்கச்சி. நான் வந்து சொல்றேன்."

ஊரில் இதற்கு முன்னால் யாரும் போட்ட அரிசியைத் திருப்பி எடுத்ததில்லை, எடுக்கக்கூடாது என்றும் யாரும் சொல்லி வைக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒருவனுக்குத் தோன்றும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. மேலத்தெருவிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து விரலை விட்டு எடுத்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. பிறகு வரிசை நின்றது, போடுவதற்கு நின்ற அதே வரிசை, அதைவிட அமைதியாக. எங்கள் அரிசி முடிந்த பிறகும் வந்தது. அவர் எதையும் விழுங்கவே இல்லை, ஐந்து சாவுக்குப் போட்டதையும் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தார், பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் போட்ட அரிசி கறுத்துப்போய் வந்தது, முதல் தீயில் வீடு இழந்தவர்கள் போட்டது கல்லாகி வந்தது, யார் கைக்கு எது வந்ததோ அவரவர் அதைப் பிடித்துக்கொண்டு விசும்பினார்கள். கடைசியாக வைரக்கண்ணு வந்தார். மகனுக்கு வேலை வரும் நேரம் என்று சொன்னவரும் வந்தார். சாயங்காலம் நாலு மணிக்குக் கம்பெனியாரின் வாய் காலியாக இருந்தது.

"எந்திரி," என்றாள் தையல்நாயகி.

"நான் இறந்தவன்."

"ஒரு பருக்க கூட விழல. சாவல நீ. எந்திரிச்சு வா."

அவர் எழுந்தார். வேறு வழியில்லை, அவரும் எங்கள் ஊர்த் தலைக்கட்டுதானே, எங்கள் வழக்கம் அவருக்கும் பொருந்தும். கோடித் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பெட்டியிலிருந்து இறங்கி வெறுங்காலோடு தெருவில் நின்றார், தார் இன்னும் சுட்டது, காலை மாற்றி மாற்றி வைத்தார். போலீஸ் ஸ்டேஷன் நாலு கிலோமீட்டர். டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போகலாமா என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள், நடக்கட்டும் என்று நான்தான் கத்தினேன். மெயின்ரோட்டு நிழற்குடையைத் தாண்டும்போது அங்கே யாரும் இல்லை, ஒரு வெள்ளைச் சட்டையும் பெட்டியும் மட்டும் பெஞ்சில் கிடந்தன.

அங்கே தையல்நாயகி நின்றாள், ஊரும் நின்றது.

"டேசன்ல மொதல்ல கேப்பாங்க, செத்தது யாருன்னு. எம்பொண்ணு பேரு என்ன?"

கம்பெனியார் எங்களைப் பார்த்தார். எங்கள் நிலத்துக்கு அடியில் எத்தனை அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், ஒவ்வொரு கிணற்றுக்கும் அவர் வைத்த எண் தெரியும்.

"பெண் ஒருவர்," என்றார்.

அவள் அவரை அடிக்கவில்லை. நாங்கள் அடித்துவிடுவோம் என்று கையை நீட்டித் தடுத்தாள். எழிலரசி, சொல்லு என்றாள். அவர் சொன்னார். இன்னொரு தடவை என்றாள். ஸ்டேஷன் வரைக்கும் மீதியிருந்த மூன்று கிலோமீட்டரும், அடிக்கு ஒரு தடவை அவர் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தார், ஒரு இடத்தில் மூச்சு வாங்கிப் பாதியில் விட்டுவிட்டார், அவள் அவரைத் திருப்பி நிழற்குடைக்கே கூட்டிக்கொண்டு போய், முதல் அடியிலிருந்து மறுபடி சொல்ல வைத்தாள்.